மாத்திரையை ஒளித்து வைக்கும் வீடுகள்



அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், ராஜகிரி, அய்யம்பேட்டை என நம் காவிரிப் படுகையின் எந்த ஊரிலும் நிகழக்கூடியதுதான் இது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளை சில மாதங்களாகச் சோர்ந்து கிடக்கிறாள். முடி கொத்தாக உதிர்கிறது. மாதவிடாய் தவறுகிறது. உடல் எடை கூடுகிறது. கழுத்தின் முன்புறம் லேசாகப் புடைத்திருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவில் தைராய்டு சுரப்பு குறைவு எனத் தெரியவருகிறது. அப்போது வீட்டில் எழும் முதல் சொல், "பயப்படாதே, சரியாகிவிடும்" என்பதாக இருக்க வேண்டும். ஆனால் நம்மில் பலருடைய வீடுகளில் எழுவது, "வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே" என்பதே.

அச்சொல் அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? சொல்லக்கூடாத நோய் என்றால் அது கொல்லும் நோயாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவு செய்கிறாள். உம்மாவிடம் கேட்டால் அதட்டல்தான் பதில். வாப்பாவோ சபுரில் இருக்கிறார். தொலைபேசியில் அவரிடம் இதைப் பேசக் கூச்சம். எல்லோரும் உறங்கியபின் அவள் கைபேசியில் தேடுகிறாள். கழுத்துக் கட்டி என்று தேடத் தொடங்கியவள் புற்றுநோயில் வந்து நிற்கிறாள். நம் மௌனம் அவளுடைய நோயைக் குறைக்கவில்லை. அதனோடு மரண பயத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

அவளிடம் சொல்ல வேண்டியவை எளியவை. தைராய்டு என்பது கழுத்தின் முன்பகுதியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த ஒரு சிறு சுரப்பி. உடல் தன் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை அது நெறிப்படுத்துகிறது. வளரிளம் பருவத்தில் அதன் சுரப்பு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே அச்சுரப்பியைத் தாக்குவதாகும். இதில் அவள் செய்த குற்றம் எதுவுமில்லை, கண்ணேறும் இல்லை. குறைந்த ஹார்மோனை நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை ஈடுசெய்கிறது. அதை வெறும் வயிற்றில், தேநீருக்கும் காலை உணவுக்கும் அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இவ்வளவுதான். இம்மாத்திரையோடு படித்து, பட்டம் பெற்று, பிள்ளை பெற்று, முழு வாழ்வு வாழ்வோர் கோடிக்கணக்கானோர்.

புற்றுநோயைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். கழுத்து வீக்கங்களில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும் தனியாக ஒரு கட்டி தென்பட்டாலோ, அது கெட்டியாக விரைந்து வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமம் ஏற்பட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு வயதினரின் கட்டியை அலட்சியப்படுத்தவே கூடாது. புற்றுநோயாகவே இருந்தாலும், இவ்வயதில் வரும் தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானது சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது. அதேவேளை, அச்சத்தால் மருத்துவர் சொல்லாமலே ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதும் தீர்வன்று. தென்கொரியாவில் அறிகுறியற்றவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் பரவலானபின், 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் அளவு 1993-ஐக் காட்டிலும் 15 மடங்காக உயர்ந்தது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தேவையின்றி அறுவைக்கு உள்ளானோர் பலர். ஆகவே மறைப்பதும் தவறு, பதறுவதும் தவறு. மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடப்பதே அறிவுடைமை.

இனி, மறைப்பதன் உண்மையான ஆபத்துக்கு வருவோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மாத்திரைப் பட்டை அலமாரியின் அடியில் போகிறது. நிக்காஹ் முடிந்து மாமியார் வீடு சென்றதும் அதை எடுத்து விழுங்க வழியின்றி அவள் நிறுத்திவிடுகிறாள். சில மாதங்களில் கருத்தரிக்கிறாள். கருவின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி பெரிதும் தாயின் தைராய்டு ஹார்மோனையே சார்ந்திருக்கிறது. அந்நாட்களில் பலருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும். அதே நாட்களில்தான் இவள் மாத்திரையே இல்லாமல் இருக்கிறாள். கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. நாம் காப்பாற்றியதாக எண்ணும் மானத்திற்கு, இன்னும் பிறவாத ஒரு குழந்தை விலை கொடுக்கிறது.

இதை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த இயலுமா? நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், ஈரத்தை அடியில் மறைத்த வணிகரைக் கண்டித்து, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததையும் நாம் அறிவோம். நெல் விளையும் பூமியில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்காமல் எவரும் மூட்டையை எடுப்பதில்லை. ஆனால் நம் பெண்பிள்ளை நெல்மூட்டை அல்லள். அவளுடைய நோயைச் சரக்கின் பழுதைப் போல் மறைக்கும்போதுதான் நாம் அவளைச் சரக்காக்குகிறோம். திருமண ஆலோசனை கேட்டு வந்த ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களிடம், பெண் கேட்டவர்களின் நிலையை நபியவர்கள் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார்கள். அதுவே நமக்கு வழி.

"சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடுமே" என்பார்கள். அந்த அச்சம் பொய்யன்று. அதை உண்டாக்கியவர்களும் நாமே. பெண் வீட்டாராக இருக்கும்போது மறைக்கும் நாம், மாப்பிள்ளை வீட்டாராகச் செல்லும்போது, "தைராய்டாமே?" என்று முகம் சுளித்து எழுந்து வருகிறோம். நம் மகனுக்குச் சர்க்கரை நோய் வந்தால் அது விதி. மருமகளுக்குத் தைராய்டு இருந்தால் அது குறை! இந்த இரட்டை அளவுகோலை முறிக்க வேண்டியது முதலில் மாப்பிள்ளை வீட்டார்தான். தெருவெல்லாம் பறைசாற்றச் சொல்லவில்லை. நோயாளியின் அந்தரங்கம் அமானிதம். அவளோடு வாழப்போகிறவருக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்கிறோம்.

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் நாம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறக்கியிருப்பதாகவும், சிகிச்சை பெறுமாறும் கற்பித்தவர்களும் அவர்களே. தண்ணீர் ஓதிக் கொடுங்கள்; மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரமளானில் நோன்பு நோற்பதற்கும் இது தடையன்று. ஸஹர் உணவுக்கு அரைமணி முன்போ, இரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்து உறங்கும் முன்போ உட்கொள்ளலாம். எது ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் சமையலறையிலும் ஒரு கடமை உண்டு. அயோடின் குறைவும் கழுத்துக் கழலைக்கு ஒரு காரணம். வேதாரண்யம் உப்பளங்கள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆயினும் 2018–19-இல் நடந்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் சேர்ந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. நாட்டிலேயே கடைசி இடம். வாங்கும் உப்பில் அயோடின் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஆனால் உப்பு மாத்திரைக்கு மாற்றன்று.

ஜமாஅத் பெரியவர்களே, ஜுமுஆ பயானில் ஒரு வாரம் இதைப் பேசுங்கள். மதரஸா ஆலிமாக்களே, மாணவியரிடம் மனம் திறந்து கேளுங்கள். தாய்மார்களே, இன்றிரவு உங்கள் மகளின் அருகில் அமர்ந்து, "உனக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். நாளைக் காலை அவளுடைய மாத்திரையை அலமாரியின் அடியிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

நோயை வெட்கமாக்காத நெஞ்சையும், உண்மையை உரைக்கும் நாவையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. நம் பிள்ளைகளுக்கு ஷிஃபாவை அளிப்பானாக. ஆமீன்.