பெயருக்கும் கூலி உண்டு

தொழில் தொடங்குவோன் முதற்கண் இடம் தேடுகின்றான். பின்னர்ப் பணம் தேடுகின்றான். எல்லாம் முடிந்த பின்னரே பெயர் தேடுகின்றான். இடத்திற்கு முன்பணமும் கடனுக்கு வட்டியும் கொடுக்கத் தயங்காத அவன், பெயரை மட்டும் ஒன்றும் கொடாமற் பெறவே விரும்புகின்றான். இவ்விருப்பத்தைக் கண்டுகொண்ட இணைய வணிகர் சிலர், பெயரையே போட்டிக்கு விட்டுப் பொருளீட்டுகின்றனர். சிறு தொகையொன்றைப் பரிசாக அறிவித்தாற் போதும். முகமறியாத நூற்றுக்கணக்கானோர் சில நாள்களிலேயே பெயர்களைக் கொண்டுவந்து குவிக்கின்றனர். ஒருவர்க்கே பரிசு, ஏனையோர் உழைப்பு வீண்.

இம்முறையில் நன்மையே இல்லையோ எனின், உண்டு. ஒரு தலையில் தோன்றாதது நூறு தலைகளுள் ஒன்றிலேனும் தோன்றலாம். கைப்பொருள் குறைந்த சிறு வணிகர்க்கு அஃது எட்டும் வழியுமாகும். வல்லுநரும் பிழைபடாதவர் அல்லர். பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு வல்லுநர் ஆக்கித் தந்த 'கன்சிக்னியா' என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. மக்கள் எள்ளி நகைத்தனர். அடுத்த ஆண்டே 'இராயல் மெயில்' என்னும் பழகிய பெயருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஆனால், கூட்டத்தின் போக்கையும் காண வேண்டும். அதே நாட்டில் 2016-ஆம் ஆண்டு ஆய்வுக் கப்பலொன்றிற்குப் பெயர் சொல்லுமாறு இணையவழி மக்களைக் கேட்டனர். 'படகுமூஞ்சி' என்று பொருள்படும் நகையாட்டுப் பெயரொன்றே மிகுதியான வாக்குகளைப் பெற்றது! கப்பலுக்கு இறுதியிற் சூட்டப்பட்டதோ தேவிடு ஆட்டன்பரோ என்னும் இயற்கையறிஞரின் பெயர். பொறுப்பில்லாக் கூட்டம் விளையாடும். மக்கள் நாவை மறந்த வல்லுநர் வழுக்குவர். ஆகலின், மலிவா விலையுயர்வா என்பதன்று வினா. பெயரிடுவோர்க்கு அறிவும் பொறுப்பும் உண்டா என்பதே வினா.

அவ்வறிவு சொல்லறிவோடு முடிவதன்று. 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி, பொருளின் வகையையும் தன்மையையும் மட்டுமே குறிக்கும் பெயர் பொதுவாகப் பதிவுக்கு ஏற்றதன்று. 'இனிப்பகம்' என்று மட்டும் பலகை மாட்டியவன், அடுத்த தெருவில் இன்னொருவன் அதையே மாட்டும்பொழுது தடுக்க வகையற்று நிற்பான். பிறர் முன்பே பதிந்துகொண்ட பெயரை அறியாது சூட்டியவனோ, பலகையும் பையும் பற்றுச்சீட்டும் அச்சிட்ட பின்னர் வழக்கில் மாட்டிக்கொள்வான். போட்டியிற் பெயரை வீசிவிட்டுப் பரிசோடு போனவர் அன்று உடன் நிற்பாரோ?

தமிழர்க்கு இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. இணையப் போட்டிகளில் வந்து குவிவன பெரும்பாலும் ஆங்கில ஒட்டுச் சொற்களே. பெருநகரப் பெயர் வல்லுநரும் ஆங்கிலத்திலேயே எண்ணிப் பின்னர்த் தமிழெழுத்தைப் போர்த்துகின்றனர். பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியன 5:3:2 என்னும் அளவில் அமைதல் வேண்டுமென்று தமிழ்நாட்டரசு வகுத்துள்ளது. எனினும் அவ்வளவு எழுத்தை அளக்குமேயன்றிச் சொல்லை அளப்பதில்லை. 'சூப்பர் மார்க்கெட்' என்பதைத் தமிழெழுத்திற் பெரிதாக எழுதிவிட்டால் சட்டம் நிறைவுறும், தமிழ் நிறைவுறுமோ? தமிழ்ப்பெயர் கிடைக்கவில்லை என்பதும் பொய். 2006-ஆம் ஆண்டு தமிழ்ப்பெயர் தாங்கிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டதும், அதுவரை கிடைக்காத தமிழ்ப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? தேடினால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

தேடித் தருவோர் யார்? தமிழ்ப்புலவரே. வேதாசலனார் 1916-ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலையடிகள் ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. இருமொழியும் கற்ற புலமை சொல்லை நிறுத்துப் பார்த்துச் செய்த மாற்றம் அது. அத்தகைய புலமைக்கு நாம் தரும் மதிப்பு என்ன? கடையின் வண்ண விளக்குக்கு இலக்கக்கணக்கிற் செலவிடுவோன், புலவரைத் தொலைப்பேசியில் அழைத்து, "ஐயா, நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டு, ஒரு நன்றியோடு முடித்துக்கொள்கின்றான். தமிழ்ப்பற்றுடையோரும் இதற்கு விலக்கல்லர். பற்றுக்குக் கூலி கேட்பதா என்கின்றனர். மின்வினைஞர்க்குக் கூலி உண்டு. தச்சர்க்குக் கூலி உண்டு. சொல் தச்சர்க்கு மட்டும் இல்லையோ?

தமிழ் வணிகர்களே! மொழியறிந்த ஒருவரை அமர்த்துங்கள். கூலியை முன்னரே பேசுங்கள். உங்கள் தொழிலையும் வாங்குவோரையும் எடுத்துரைத்துப் பொருள்விளக்கத்தோடு பத்துப் பெயர் கேளுங்கள். வணிகக்குறிப் பதிவேட்டில் தேடி, முன்பே பிறர் கொண்டவற்றை நீக்குங்கள். எஞ்சிய மூன்றைத் தெருவிற்குக் கொண்டு செல்லுங்கள். தானி ஓட்டுநர் நாவில் எது தடையின்றி வருகின்றது? பள்ளிச் சிறுமி எதை ஒருமுறை கேட்டே எழுதுகின்றாள்? அதையே கொள்ளுங்கள். ஆக்கும் வேலை அறிந்தோர்க்கு. தேரும் வேலை மக்களுக்கு. உணவகமும் மருந்தகமும் பேருந்தும் மக்கள் நா ஏற்றமையாலன்றோ நின்று நிலைத்தன!

பலகை கடைக்காரன் பொருள். அதிலுள்ள சொல்லோ அத்தெருவிற் படிக்கப் பழகும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாடம். அப்பாடத்தை எழுதுவோர்க்கு உரிய கூலியைக் கொடுப்போம்!