தாடிப் பொடுகுக்குத் தீனி போடாதீர்கள்

தாடியிலோ மீசையிலோ வெள்ளைத் துகள்கள் உதிர்ந்தால், வீட்டிலும் வகுப்பிலும் முதலில் எழும் கேள்வி, "ஒழுங்காக முகம் கழுவ மாட்டாயா?" என்பதுதான். கேள்வியே தவறு. அதைக் கேட்டுக் கூனிக் குறுகும் பையன் அடுத்துச் செய்யும் இரண்டு காரியங்கள் அதைவிடத் தவறானவை. ஒன்று, சவர்க்காரம் போட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை தேய்த்துக் கழுவுவது. மற்றொன்று, யாருக்கும் தெரியாமல் இணையத்தில் தாடி எண்ணெய் வாங்கித் தடவுவது. முதலாவது தோலைப் புண்ணாக்கும். இரண்டாவது, பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கே விருந்து வைக்கும்.

"பள்ளியில் தாடிக்கே அனுமதி இல்லையே, ஐயா" என்பீர்கள். உங்கள் வகுப்பில் சீக்கிய நண்பர் இருக்கலாம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுச் சவரம் செய்யாமல் இருக்கும் அண்ணன் வீட்டில் இருக்கலாம். எஸ்.பி.எம். கடைசித் தாள் முடிந்த அன்றே சவரக்கத்தியைத் தூக்கிப் போடத் திட்டமிட்டிருப்பவர்களையும் நான் அறிவேன். இதே சிக்கல் புருவத்திலும் மூக்கின் ஓரங்களிலும் காதின் பின்புறத்திலும் வரும் என்பதால், மாணவிகளும் தொடர்ந்து படிக்கலாம்.

இது அழுக்கால் வருவதன்று. மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, பெரியவர்கள் ஏறக்குறைய எல்லாருடைய தோலிலும் வாழ்கிறது. தினமும் இரு வேளை குளிப்பவரிடமும் அது உண்டு. லூயி-சார்ல் மலாசே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1874-ஆம் ஆண்டிலேயே பொடுகுச் செதில்களில் இதைக் கண்டு விவரித்தார். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்படைகின்றன. முகப்பரு வந்தால் அந்த எண்ணெயைத் திட்டுகிறோம். பூஞ்சைக்கோ அதுதான் மூன்று வேளைச் சோறு. தாடி முடி அந்த எண்ணெயையும் உதிர்ந்த செல்களையும் பிடித்து வைத்துக்கொள்வதால், சிலருக்குத் தாடி வளர்க்கத் தொடங்கிய பிறகே தொல்லை வெளியே தெரிகிறது.

2007-இல் மலாசீசியா குளோபோசா என்ற இனத்தின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. (அந்த ஆய்வில் முன்னின்றவர்கள் பொடுகு ஷாம்பு விற்கும் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். வணிகமும் சில நேரம் நல்ல அறிவியலைத் தருகிறது.) அதில் ஓர் உண்மை தெரிந்தது: கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் மரபணு இந்தப் பூஞ்சைக்கு இல்லை. அடுத்தவர் சமையலை நம்பித்தான் அது வாழ்கிறது. லிபேஸ் நொதியைச் சுரந்து, நம் தோல் எண்ணெயிலுள்ள டிரைகிளிசரைடுகளை உடைக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களைத் தின்றுவிட்டு, ஒலியிக் அமிலம் போன்ற நிறைவுறாதவற்றைத் தட்டிலேயே மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சம் தோலின் மேலடுக்குக்குள் ஊடுருவுகிறது. சிலருடைய தோல் அதைப் பொருட்படுத்தாது. சிலருடைய தோலோ சிவந்து, அரித்து, செல்களை அவசர அவசரமாக வெளியே தள்ளும். கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர வேண்டியவை கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. ஒரே சவர்க்காரத்தைப் பயன்படுத்தும் அண்ணன் தம்பியில் ஒருவனுக்கு மட்டும் பொடுகு வருவது இதனால்தான்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். என் மாணவன் ஒருவன் தான் வாங்கிய தாடி எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினான். விலை 49 ரிங்கிட். 'பொடுகை வேரோடு அழிக்கும்' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆலிவ் எண்ணெய், ஆர்கன் எண்ணெய், புதினா மணம். ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம்தான். தோலை எரிச்சலூட்டுவதாக மேலே சொன்ன அதே அமிலம். இன்னொன்றும் சொன்னேன்: ஆய்வுக்கூடத்தில் மலாசீசியாவை வளர்க்க விரும்புபவர்கள், வளர்ப்புத் தட்டின் மேல் ஊற்றுவதும் ஆலிவ் எண்ணெயைத்தான். அவன் சிறிது நேரம் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஏன் இத்தனை பேர் எண்ணெயை நம்புகிறார்கள்? தடவியவுடன் செதில்கள் ஊறி முடியோடு ஒட்டிக்கொள்கின்றன, சட்டையில் விழுவதில்லை. ஒரு நாள் நிம்மதி. குணமானதாக நினைத்து மறுநாளும் தடவுகிறோம். தடித்த செதிலை இளக்கச் சிறிது எண்ணெய் வைத்து, கொஞ்ச நேரத்தில் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவதில் குற்றமில்லை. இரவு முழுக்க ஊறவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பாட்டி கோபித்துக்கொள்வார், தெரியும். தலைமுடிக்கு அவர் சொல்லும் எண்ணெய்க் குளியலுக்கு நான் எதிரியல்லன்.

வேலை செய்யும் பொருள்கள் மருந்தகத்தில் இருக்கின்றன: கீட்டோகோனசோல், ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்பைடு. இந்த மூன்று பெயர்களை மனப்பாடம் செய்தால் போதும். புட்டியில் சிரிக்கும் நடிகரின் பெயர் தேவையில்லை. கீட்டோகோனசோல் செயல்படும் விதம் எனக்குப் பிடிக்கும். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் வேண்டும். நம் செல் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். எர்கோஸ்டிரால் தயாராவதை இந்த மருந்து தடுப்பதால் அடி முக்கியமாகப் பூஞ்சைக்கு விழுகிறது. 2 விழுக்காட்டு கீட்டோகோனசோல் ஷாம்பை வாரத்திற்கு இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் வரை போடுவது வழக்கம். முடியில் நுரை பொங்கினால் போதாது. விரல் நுனியால் அடித்தோலுக்குக் கொண்டுபோய், 3 முதல் 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பெரும்பாலோர் பத்து விநாடியில் கழுவிவிட்டு 'மருந்து சரியில்லை' என்கிறார்கள். கண்ணில் படக்கூடாது. அடங்கிய பிறகும் ஒரு வாரத்திற்கோ இரு வாரத்திற்கோ ஒரு முறை தொடர்வதுதான் தடுப்பு முறை. பூஞ்சை நம் தோலின் நிரந்தரக் குடியிருப்பாளர். அதை முழுதாக விரட்டுவதாகச் சொல்லும் விளம்பரம் பொய் சொல்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? ஷாம்பு, களிம்பு, எலுமிச்சைச் சாறு என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் எண்ணெயை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு வாரம் பாருங்கள். பிறகு ஷாம்பு. முகத்திற்கு மென்மையான கழுவி போதும். கட்டிச் சவர்க்காரத்தின் பி.எச். பெரும்பாலும் 9, 10 என்று இருக்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டியது. எலுமிச்சை மறுமுனைக்குப் போய் எரிக்கும்.

எண்ணெயைவிட எனக்கு அச்சம் தருவது பெயரில்லாக் களிம்புகள். 'மூன்றே நாளில் சிவப்பு மறையும்' என்றால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கக்கூடும். உண்மையிலேயே மறையும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். நாள்பட்டால் முகத்தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். நம் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ., பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்ட அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. அதை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். தாடி வளர மினாக்சிடில் தடவுபவர்களுக்கும் செதில் உதிரலாம். அது மருந்தின் எரிச்சல். 18 வயதுக்குக் குறைந்தோருக்கு அது உரியதும் அன்று.

நான்கு வாரத்திலும் குறையாவிட்டால், வட்டமாகப் பரவினால், சீழ் வைத்தால், முடி கொட்டினால் அது வேறு நோயாக இருக்கலாம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். சவரம் செய்தாலே பலருக்கு இது அடங்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் சமயக் கடமையாகத் தாடி வைத்திருக்கும் நண்பனிடம் போய் "சிரைத்துவிடு" என்பது ஆலோசனை ஆகாது. அவனுக்கு ஷாம்பு வழி இருக்கிறது.

மருந்தகத்தில் கேட்க வெட்கமாக இருந்தால் நீளமாகப் பேச வேண்டாம். பொடுகு ஷாம்பு என்றால் மருந்தாளர், "தலைக்கா?" என்பார். "தாடிக்கு" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலை அவர் கேட்பது அதுவே முதல் முறையாக இருக்காது.