சட்டம் அறிவோம்: நடுவர் சொல்லும் நீதிமன்றத்தின் எல்லையும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஓர் அன்பர் மட்டும் போகாது நின்றார். கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. நம்மில் பலரைப் போலவே பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தவர் அவர். தம் ஊர்க்காரரான நண்பர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு சிறு பட்டறையை நெடுநாள் நடத்தினார். கூட்டு முறிந்தது. கூட்டுப் பத்திரத்தில் கண்டிருந்தபடி இருவரும் ஒரு நடுவரிடம் சென்றனர். தீர்ப்பு நம் அன்பருக்குப் பாதகமாக வந்தது.

"ஐயா, என் பக்கத்துக் கணக்குப் புத்தகங்களைக் காட்ட நாள் கேட்டேன், கொடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணத்துக்கே ஆபத்து வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று வினவினார்.

உறையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தேன். தீர்ப்பு அவர் கைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. "மனம் நொந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்" என்றார். அவருக்கு நல்ல விடை சொல்ல என்னால் இயலவில்லை. அத்தகைய நிலை வேறு எவருக்கும் நேரலாகாது என்னும் எண்ணத்தாலேயே இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நம் வீடுகளில் இதனைப் 'பஞ்சாயத்து' என்றும், 'மத்தியஸ்தம்' என்றும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின் இருதரப்பாரையும் இணங்கச் செய்பவர் வேறு. தீர்ப்பு அளிப்பவர் வேறு. முன்னவர் சொல்லை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். பின்னவராகிய நடுவரின் சொல்லோ, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றத் தக்கது. இதற்கு முன்பிருந்த 1940ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு இது வந்தது.

நடுவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? நாம் கையெழுத்திட்ட காகிதத்திலிருந்தே வருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருத்தலாகாது. எண்ணிக்கை குறிக்கப்படாவிடில் ஒருவரே நடுவர். மூவர் அமர்ந்தால் பெரும்பான்மையோர் முடிவே தீர்ப்பாகும். தமக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதை முதற்கண் நடுவரே முடிவு செய்யலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டமோ சாட்சியச் சட்டமோ அவரைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் இருதரப்பையும் சமமாக நடத்துதலும், ஒவ்வொருவருக்கும் தம் வழக்கை எடுத்துரைக்க முழு வாய்ப்பு அளித்தலும் அவர் கடமை. தீர்ப்பு எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். காரணம் வேண்டாமென்று தரப்பினரே ஒப்பினாலன்றிக் காரணங்களும் கூறப்படுதல் வேண்டும்.

நடுவர் ஒரு தரப்புக்கு வேண்டியவராக இருப்பின்? 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கென நீண்ட பட்டியல் ஒன்றைச் சட்டத்துடன் சேர்த்தது. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், நெருங்கிய உறவினர் ஆகியோர் நடுவராக அமர இயலாது. பூசல் எழுந்த பின்னர் இருதரப்பாரும் எழுத்தில் ஒப்பினால் மட்டுமே இத்தடை நீங்கும். வேறு ஐயம் இருப்பின், அதனை அறிந்த 15 நாட்களுக்குள் அந்த நடுவரிடமே எழுத்தில் சொல்லிவிடுதல் வேண்டும். வாய்மூடி இருந்துவிட்டுத் தீர்ப்பு வந்தபின் குறை கூறுவோரின் சொல் பெரும்பாலும் எடுபடுவதில்லை.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். பலர் இங்கேதான் தவறுகின்றனர். இதை மேல்முறையீடு என்று கருதி, சாட்சிகளை மீண்டும் விசாரிப்பார்கள், கணக்கை மீண்டும் கூட்டுவார்கள் என்று எதிர்பார்க்கின்றனர். அப்படியன்று. நடுவர் சொன்னது சரியா என்று நீதிமன்றம் கேட்பதில்லை. அவர் சொன்ன முறை நேர்மையானதா, அவருக்கு விடப்பட்ட எல்லைக்குள் நின்றாரா என்றே கேட்கிறது. ஒப்பந்தமே செல்லாதது, முறையான அறிவிப்பு இல்லை, வழக்கை எடுத்துரைக்க இயலாமற் போயிற்று, ஒப்படைக்காத பொருளில் தீர்ப்புக் கூறப்பட்டது, தீர்ப்பு வஞ்சனையால் விளைந்தது, நாட்டின் பொதுக்கொள்கைக்கு முரணானது என்பன போன்ற சில காரணங்களே ஏற்கப்படும். உள்நாட்டு வழக்குகளில், தீர்ப்பின் முகத்திலேயே தெரியும் வெளிப்படையான சட்டப் பிழையும் ஒரு காரணமாகும். ஆயின் சட்டத்தைப் பொருத்தியதில் நேர்ந்த வெறும் தவற்றுக்காகவோ, சாட்சியத்தை மீண்டும் எடைபோட வேண்டும் என்பதற்காகவோ தீர்ப்பைத் தள்ளலாகாது என்று சட்டமே கூறுகிறது.

பிழையான தீர்ப்பை நீதிமன்றம் திருத்தி எழுதலாமா? இக்கேள்விக்கு விடை தேடித் தந்த வழக்குகளுள் ஒன்று நம் தமிழகத்து நிலத்தைப் பற்றியது. தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலத்துக்குச் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசு முதல் 83 ரூபாய் 15 காசு வரை விலை குறித்தனர். நடுவராக அமர்த்தப்பட்ட மாவட்ட ஆட்சியரும் அதனையே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றமோ அதனை 645 ரூபாயாக உயர்த்தியது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பைத் தள்ளலாமே அன்றித் திருத்த அதிகாரமில்லை என்று சட்டத்தை வரையறுத்தது. ஆயினும் நில உடைமையாளருக்கு நேரவிருந்த அநீதியைக் கருதி, உயர்த்திய தொகையில் கைவைக்கவில்லை.

சட்டம் ஒன்று சொல்ல, நீதி வேறொன்று வேண்டிற்று. இம்முரண்பாடு நெடுநாள் நிற்கவில்லை. சென்னையிலிருந்து சென்ற மற்றொரு வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நால்வர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், ஓரளவு திருத்தலாம் என்று தீர்ப்பளித்தது. கெட்ட பகுதியை நல்ல பகுதியினின்றும் பிரிக்க இயலுமாயின் பிரித்து நீக்கலாம். எழுத்துப் பிழை, கணக்குப் பிழைகளைக் களையலாம். தீர்ப்புக்குப் பிந்திய வட்டியைச் சில நிலைகளில் மாற்றலாம். மாறுபட்ட நீதியரசர் கே.வி. விசுவநாதன், சட்டம் தராத அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாகாது என்னும் கருத்தினர்.

இவ்வளவும் காலத்துக்குள் செல்வோர்க்கே உதவும். தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மனுச் செய்தல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள் கிடைக்கும்; அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. கணக்குப் பிழையை நடுவரிடமே சுட்டிக்காட்டித் திருத்தம் பெற 30 நாள் தவணை உண்டு. மனுச் செய்த மாத்திரத்தில் தீர்ப்பு நின்றுவிடும் என்பதும் இன்று பழங்கதை. 2015க்குப் பின் தனியே தடையாணை பெறுதல் வேண்டும். பணம் பற்றிய தீர்ப்பாயின் ஈடு கட்ட நேரலாம்.

நம் அன்பர் கூறிய குறை உண்மையாயின், அது நீதிமன்றம் செவிசாய்க்கத் தக்க குறையே. நாள் தராமல் வாயை அடைத்தது முறைகேடு. ஆயின் அந்தக் கதவு, உறை பீரோவில் கிடந்த நாட்களிலேயே மூடிவிட்டது. இதை அவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "அப்படியானால் பழைய கூட்டாளியிடமே போய்த் தவணை கேட்கிறேன்" என்று எழுந்தார். மறுமொழி இன்னும் வரவில்லை.

எனவே அன்பர்களே, இன்றிரவே உங்கள் பெட்டியைத் திறந்து, கூட்டுப் பத்திரம், கடன் பத்திரம், வீடு கட்டும் ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்துப் படியுங்கள். நடுவர் என்ற சொல் அவற்றில் உள்ளதா, அவரை நியமிப்பது யார், விசாரணை எந்த ஊரில் என்று பாருங்கள். நாளை ஒருநாள் கசப்பான உறை ஒன்று வருமாயின், வந்த தேதியை அதன்மேல் எழுதி, அந்த வாரமே வழக்கறிஞரிடம் கொண்டு செல்லுங்கள். துக்கம் ஆறும்வரை சட்டம் காத்திராது.