ஏழு டிகிரிக்குக் கீழே

கோடையில் விருதுநகர் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். அந்தத் தார்ச்சாலையில் வண்டி ஓட்டிப் பழகிய இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் கனடா போகிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் மஸ்டாங் போன்ற வேகக் கார் வாங்கும் ஆசை வருவது இயல்பு. வாங்கட்டும். ஆனால் டயரையும் பார்த்து வாங்கட்டும்.

இத்தகைய கார்கள் பல, அகலமான கோடைக்கால டயருடன் விற்பனைக்கு வருகின்றன. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிவிடும். பனி விழுவதற்கு முன்பே பிடிமானம் குறையும். பின்சக்கர இயக்கம் என்றால், ஆக்ஸிலேட்டரைச் சற்று வேகமாக அழுத்தினாலே காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பும். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் பிடிக்கும்போது டயர்தான் காப்பாற்ற வேண்டும். எனவே மலைச்சிகரமும் பனிப்படிகமும் சேர்ந்த சின்னம் பொறித்த குளிர்கால டயர் நான்கு சக்கரத்திலும் வேண்டும். காருக்குப் பொருந்தும் அளவுகளில் அகலம் குறைந்தது, ஆழமான பனியை வெட்டிக்கொண்டு போகும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். தமிழர்கள் திரளாக வாழும் டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவிலோ அப்படிச் சட்டமில்லை. 2016 முதல் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, அவ்வளவுதான். அது போதாது. கியூபெக்கின் சட்டம் அங்கும் வர வேண்டும்.

அதுவரை, “சாப்பிட்டியாப்பா?” என்று போனில் விசாரிக்கும் விருதுநகர் அம்மாக்கள், நவம்பர் பிறந்ததும் “டயர் மாத்திட்டியா?” என்றும் கேட்க வேண்டும்.