பழைய டிரைவரே போதும் சார்!

"கேம் பாதியிலே நின்னுடுதா? லேட்டஸ்ட் டிரைவர் போடுங்க சார், எல்லாம் சரியாயிடும்."

கஸ்டமர் கேரில் யாரைக் கேட்டாலும் இதே பல்லவிதான். லேட்டஸ்ட் போட்ட பிறகுதானய்யா நிற்கவே ஆரம்பித்தது என்று நீங்கள் சொன்னால், எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "விண்டோஸை ரீ-இன்ஸ்டால் பண்ணிப் பாருங்களேன்."

பண்ணாதீர்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவர் என்பது கேமுக்கும் கார்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற மொழிபெயர்ப்பாளர். 'இங்கே ஒரு நிழல் போடு' என்று கேம் கேட்பதை, கார்டுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது அதன் வேலை. பெரிய கேம் ஒன்று வருகிறதென்றால், அதற்கென்றே ஒரு புது டிரைவரும் அவசர அவசரமாக வந்து சேரும். அதில் செய்த மாற்றம், நீங்கள் இரண்டு வருஷமாக நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கும் பழைய கேமின் காலை வாரிவிடலாம். எல்லா கார்டு, எல்லா கேம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க முடியாதாம். சரி, முடியாது. மிச்சத்தைச் சோதிப்பது யார்? நீங்கள்தான். சம்பளமில்லாத உத்தியோகம். அதுவும் காசு கொடுத்துச் சேர்ந்தது!

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்றொரு டிரைவரை விட்டது. அதைப் போட்ட சில கம்ப்யூட்டர்களில் ஃபேன் சரியாகச் சுற்றாமல் கார்டு கொதித்தது. கம்பெனியே அதை வாபஸ் வாங்கி, பழைய 196.21-க்குத் திரும்பச் சொன்னது. 2023 அக்டோபரில் ஏஎம்டி டிரைவரில் ஆன்டி-லேக் பிளஸ் என்று ஒரு புது வசதி. அதை ஆன் செய்து கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 ஆடிய சிலரை, மோசடிப் பேர்வழிகள் என்று கேம் வெளியே தள்ளிவிட்டது!

2025 இன்னும் அழகு. ஆர்டிஎக்ஸ் 50 கார்டுகளோடு வந்த 572 வரிசை டிரைவர்களில் பலருக்குத் திரை இருண்டது. சில கேம்களைத் தயாரித்தவர்களே, முந்தைய தலைமுறை கார்டுக்காரர்களை 2024 டிசம்பரில் வந்த 566.36-க்குப் போகச் சொன்னார்கள். புது கார்டு வாங்கியவர்கள்? அந்தப் பழைய டிரைவருக்கு அவர்கள் கார்டை அடையாளமே தெரியாது. அதிகம் கொடுத்தவனுக்குத் திரும்பிப் போகிற வழியும் அடைப்பு.

மிக்ஸி ஓடவில்லை என்றால் கடைக்காரரிடம் சண்டை போடுகிறோம். சாஃப்ட்வேர் என்றால் மட்டும், 'நமக்குத்தான் தெரியலையோ' என்று பம்முகிறோம். எதற்கு?

நேற்று ஓடிய கேம் புது டிரைவர் போட்டதும் நின்றால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டனை அமுக்குங்கள். அது மங்கிக் கிடந்தால், ஒழுங்காக ஓடிய பழைய டிரைவரைக் கம்பெனி தளத்திலிருந்தே இறக்கி, இருப்பதை அடியோடு நீக்கிவிட்டுப் போடுங்கள். (நீக்குவதற்கு டிடியூ என்று இலவச புரோகிராம் உண்டு. சேஃப் மோடில் ஓட்ட வேண்டும்.) பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட் என்றால் கதை வேறு, வருஷக்கணக்கில் பழசையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

அப்புறம், விண்டோஸ் அப்டேட் மேல் ஒரு கண் இருக்கட்டும். நீங்கள் தூங்குகிற நேரத்தில் வேறொரு டிரைவரை ஏற்றிவைத்துவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும்.