பக்கங்களைக் கோத்தல்

ராசிபுரத்தில் ஒரு நண்பரின் வீட்டுப் பரணில் கிடந்த சிற்றிதழ்க் கட்டு ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் படமெடுத்தேன். கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது, எழுத்து மிஞ்சியிருந்தது. 112 பக்கங்கள், 112 படக் கோப்புகள். அன்றிரவே அவற்றை ஒரே நூலாக்கிவிடும் அவசரத்தில், இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருளுக்குக் கட்டளை வரியில் ஒற்றை வரி உத்தரவு கொடுத்தேன். சில நிமிடங்களில் பிடிஎஃப் வந்துவிட்டது. திறந்து பார்த்தால் முதற் பக்கத்தை அடுத்துப் பத்தாம் பக்கம், அதையடுத்து நூறாம் பக்கம். இரண்டாம் பக்கம் இருபத்தைந்தாவதாக வந்து நின்றது. ஒரு சிறுகதையின் நடுவே யாரோ எழுதிய கவிதை நுழைந்திருந்தது.

கணினியைக் குறை சொல்ல ஏதுமில்லை. கோப்பின் பெயரிலுள்ள எண்ணை அது எண்ணாகப் பார்ப்பதில்லை. எழுத்தெழுத்தாக, அகராதி முறையில் வரிசைப்படுத்துகிறது. 001, 002 என்று பெயரிட்டிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திராது.

நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். ஏட்டின் ஓரத்தில் எண் பொறித்து, துளையில் கயிறு கோத்துக் கட்டினார்கள். கயிறு அறுந்த சுவடியில் எண்ணும் ஒடிந்துபோனால், எந்த ஏடு எதற்குப் பின் என்பதைப் பொருளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டியதன் பேரில் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த உ.வே.சாமிநாதையர், அதை அச்சில் கொண்டுவர 1887 ஆயிற்று. நாம் ஒரு வரிக் கட்டளையில் முடித்துவிடுகிறோம். முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம் என்பதே சரி.

பக்கங்களை இணைப்பது எடுபிடி வேலை அன்று, பதிப்பு வேலை என்பதே என் கட்சி. விளம்பரப் பக்கத்தை விட்டுவிடலாமா, வெற்றுப் பின்னட்டை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எந்த அச்சகம், என்ன விலை, சந்தா அனுப்ப வேண்டிய முகவரி எது என்பதையெல்லாம் அந்தப் பக்கங்களே சொல்கின்றன. 1968இல் தொடங்கிச் சேலத்திலிருந்து 'நடை' வெளிவந்தது. சி. மணி பின்னின்று நடத்திய அவ்விதழில் ந. முத்துசாமியும் ஞானக்கூத்தனும் எழுதினார்கள். அந்தப் படைப்புகள் பின்னாளில் தொகுப்புகளில் கிடைத்துவிடும். சேலத்தில் அச்சான ஓர் இதழின் உடம்பு எந்தத் தொகுப்பிலும் கிடைக்காது.

தொழில்நுட்பத்தில் இரண்டு செய்திகள் மட்டும். நடுப்பக்க ஓவியத்தை இரு பாதியாக எடுத்திருந்தால், அப்பெண்ட் என்னும் சொல்லின் முன் கூட்டல் குறியிட்டால் இமேஜ்மேஜிக் அவற்றைப் பக்கவாட்டில் ஒட்டும். கழித்தல் குறியிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக. (கூட்டல், கழித்தல் இரண்டுமே ஒட்டத்தான் செய்யும் என்பது கணினிக்காரர்களின் நகைச்சுவை போலும்!) அடுத்தது முக்கியமானது. ஜேபெக் படங்களைப் பிடிஎஃப் ஆக்கும்போது இமேஜ்மேஜிக் அவற்றை அவிழ்த்து மீண்டும் சுருக்குகிறது. அதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுட்பம் உதிரும். இமேஜ்டுபிடிஎஃப் என்று இன்னொரு சிறு கருவி உண்டு. அது படத்தைத் தொடாமல் அப்படியே உறையிலிடுகிறது. பாதுகாப்புக்கு அதுவே ஏற்றது.

இதை நான் தாமதமாகவே கற்றேன். மின்னஞ்சலில் அனுப்ப வசதியாக இருக்கட்டுமென்று ராசிபுரத்துப் பக்கங்களின் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்து, வரிசையைச் சரிசெய்து, கோத்து முடித்தேன். வட்டில் இடமில்லை என்று மூலப் படங்களை அழித்தேன். மறு ஆண்டு நண்பரின் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்த கட்டு பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது. என்னிடம் இன்று இருப்பது அந்த ஒரு பிடிஎஃப். கதைகளைப் படிக்க முடிகிறது. கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த வாசகர் கடிதங்களில் 'மு' எது, 'ழு' எது என்று தெரியவில்லை. எழுதியவர்களின் ஊர்ப்பெயர்களில் பரமத்தி ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.