ஓடும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பழைய நகரமான சவானாவை ஒட்டி ஸ்கிடவே தீவு வனப்பூங்கா இருக்கிறது. உப்புச் சதுப்பும் ஓக் மரங்களும் சூழ்ந்த ஓட்டப்பாதைகள். அவற்றில் ஒன்றில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் மண் அரண்கள் இன்றும் கிடக்கின்றன.

காடு எல்லோருக்கும் பொது என்கிறார்கள். கறுப்பர்களுக்கென இம்மாநிலத்தின் முதல் பூங்கா 1950இல்தான் வந்தது, அதுவும் தனியாக. பிறகு சட்டம் மாறியது. ஆனால் 2020 பிப்ரவரியில், இதே கடற்கரையில் பிரன்ஸ்விக் அருகே ஓடிக்கொண்டிருந்த 25 வயது அகமது ஆர்பெரியை, திருடன் எனச் சந்தேகித்து வெள்ளையர்கள் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். காணொளி வெளியான பிறகுதான் கைது.

தெருவில் நடக்க 1924இல் வைக்கத்தில் போராடியவர்களின் வழிவந்த நமக்கு இது புதிதல்ல. என்னைக் கேட்டால், பாதை போடுவது பாதி வேலைதான். ஓடுகிறவனை நிறுத்தி "நீ யார்?" என்று கேட்கும் திமிர் ஒழியும்வரை அது பொதுப்பாதை ஆகாது.